சக்கரம் ஏன் அசையவில்லை: எண்ணூர் லாரியிலிருந்து ஒரு பிக்கப் வரை

காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். எஞ்சினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு எண்ணூர் குப்பங்கள், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என்று மணலில் போய் வருவதுதான் பிழைப்பு. போன வருஷம் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் தூக்கி வைத்தார். பார்க்க கம்பீரமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து மணல் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் ஒன்று சட்டென்று அந்தரத்தில் தொங்கி வெறுமனே சுற்றும். தார்ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு வரைக்கும் கேட்கும். ஒரு கடையில் காட்டியதற்கு, முன்பக்க செட் முழுக்க மாற்றணும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்களாம். அவருக்கு அது நாலு மாத வருமானம்.

வடசென்னையின் பழைய தொழிற்சாலைகளைப் பற்றிக் குறிப்பு சேர்ப்பது என் வழக்கம் என்பதால், "உனக்கு இதெல்லாம் தெரியுமே" என்று என்னிடம் கேட்டார். எனக்கு வருஷங்கள் தெரியும், ஸ்பேனர் தெரியாது. ஆகவே இருவரும் திருவொற்றியூரில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரியிடம் போனோம். அவர் கண்டுபிடித்த கோளாறுக்குப் பின்னால் ஒரு நூறு வருஷக் கதை இருக்கிறது. அதுதான் இந்தப் பதிவு.

முதலில் எண்ணூர். 1948-ல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூரில் முதலில் பூட்டியது லாரி இல்லை, ஆஸ்டின் ஏ40 கார். 1950-ல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம். அடுத்த வருஷமே லேலண்ட் காமெட் சேஸிகள் இங்கே பூட்டப்பட்டன. 1955-ல் லேலண்ட் பங்குதாரராகச் சேர்ந்ததும் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. இதற்குப் பிறகு மணலி, திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் பட்டறை வைத்தவர்கள் பெரும்பாலும் கற்றது லாரி வேலைதான். துறைமுகம் பக்கத்தில், லாரிக்கு என்ன பஞ்சம்?

அந்த லாரிகளின் முன்பக்கம் எளிமையானது. இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு, அதன் மேல் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பிளேட் கட்டு. பிளேட்டின் ஒரு முனை பின்னில் சுழலும். மறு முனை ஷேக்கிளில் முன்னும் பின்னும் ஆடும், ஏனென்றால் வளைந்த பிளேட் நிமிரும்போது நீளும். சக்கரம் ஏறி இறங்காவிட்டால் காரணங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிளேட்டுகளுக்கு நடுவே துரு, ஷேக்கிள் பின் பிடித்துக்கொண்டது, கூடுதல் பிளேட் சேர்த்தது, இப்படி ஏதாவது ஒன்று. உப்புக்காற்று அடிக்கும் இந்த ஊரில் முதல் இரண்டும் சாதாரணம். மருந்தும் சாதாரணம்: கிரீஸ். பின் இரும்பு, உள்ளே இருக்கும் புஷ்ஷும் உலோகம். எந்த நிலையில் வைத்து டைட் செய்தாலும் அது சுழலும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார் உலகம் வேறு வழியில் போனது. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930-ல் அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போனார். ஏழு பேர் உட்காரும் பெரிய கார் ஒன்றில் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார். பின்பக்கத்தைவிட முன்பக்க ஸ்பிரிங் மிருதுவாக இருந்தால்தான் பயணம் சமமாக இருக்கும் என்று தெரிந்தது. ஆனால் ஒற்றை அச்சில் ஸ்பிரிங்கை அவ்வளவு மிருதுவாக்கினால் முன்சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கின. தீர்வு, அச்சையே எடுத்துவிடுவது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம். 1934 மாடல் காடிலாக்கில் இது வந்தது.

ஆனால் மிருதுவான ஸ்பிரிங் சும்மா வராது, அதற்கு இடம் வேணும். சக்கரம் மேலே போகவும் இடம், கீழே இறங்கவும் இடம். இந்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் டிராவல். வண்டியின் உயரம் என்பது வேறு. அந்த மொத்த இடத்துக்குள் சும்மா நிற்கும் வண்டி எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பதைத்தான் உயரம் சொல்கிறது. நண்பரும் அவருக்கு வேலை செய்தவரும் குழப்பிக்கொண்டது இங்கேதான்.

திருவொற்றியூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் ராயல் என்ஃபீல்டு ஒரு புது மாதிரி புல்லட்டை இறக்கியது. முன்னால் டெலஸ்கோப் ஃபோர்க், பின்னால் ஸ்விங்கிங் ஆர்ம். கரடுமுரடான பாதையில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் பிடிமானம் போய்விடும் என்று பலர் நம்பிய காலம் அது. நடந்தது நேர்மாறு. சக்கரம் தரையை விடாமல் தொடர்ந்தால்தான் பிடிமானம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, அந்த புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. இங்கிலாந்தில் நிறுவனமே மூடப்பட்ட பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. 2016-ல் அதே நிறுவனம் ஹிமாலயன் வண்டியைக் கொண்டுவந்தபோது விளம்பரத்தில் முன்னால் நின்ற எண்களில் ஒன்று, முன் ஃபோர்க்கின் 200 மில்லிமீட்டர் டிராவல்.

பிக்கப்புகளுக்கு வருவோம். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸின் ஃபோர்-வீல் டிரைவ் மாடல்களே 1980களின் நடுப்பகுதி வரை ஒற்றை அச்சும் ஸ்பிரிங் பிளேட்டுமாகத்தான் வந்தன. பிறகுதான் தனித்தனி ஆர்ம், ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார். டார்ஷன் பார் என்பது முறுக்கப்படும் நீளமான இரும்புக் கம்பி. அதன் பின் முனையில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் வண்டி உயரும். செலவே இல்லாத லிஃப்ட்! பல நாடுகளில் பல பேர் இந்த ஆசையில் விழுந்திருக்கிறார்கள். நண்பர் வண்டியிலும் இதேதான் நடந்திருந்தது.

மேஸ்திரி முதலில் எதையும் கழற்றவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். இருபத்தொன்றரை இஞ்ச். பிறகு சேஸியில் ஜாக்கி கொடுத்து இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்தே தூக்கினார். ஒன்றை மட்டும் தூக்கினால் குறுக்கே போகும் ஸ்டெபிலைசர் ராடு இழுத்துக்கொண்டு அளவைப் பொய்யாக்கும் என்றார். சக்கரம் தொங்கியதும் மறுபடி டேப். இருபத்திரண்டே முக்கால்.

"ஒண்ணே கால் இஞ்ச்தான் எறங்குது நைனா. அப்புறம் சக்கரம் எப்டி தரையைத் தொடும்?"

முதல் விடை கிடைத்துவிட்டது. போல்ட்டைத் திருகியதால் டிராவல் கூடவில்லை. வண்டி தன் மொத்த இடத்தின் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. கீழே இறங்க மிச்சம் இல்லை.

அப்படியானால் மேலே ஏற நிறைய இடம் இருக்கணுமே? பள்ளத்தில் ஏன் அந்த அடி? இதற்கு அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஷாக் அப்சார்பரின் ராடில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டி, உடம்பை ஒட்டித் தள்ளிவிட்டு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றார். வந்ததும் பார்த்தால் டேக் ஒரு இஞ்ச்தான் நகர்ந்திருந்தது. ஷாக் ஆர்மின் நடுவில் இருப்பதால், சக்கரம் சுமார் இரண்டு இஞ்ச் ஏறியிருக்கும். வாலிபத்தில் புல்லட் ஃபோர்க்கில் கிரீஸ் தடவி, அது எதுவரை வழிக்கப்படுகிறது என்று பார்ப்பார்களாம். அதே யுக்தி.

அடுத்து ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கையால் இழுத்து அழுத்திப் பார்த்தார். கசிவு இல்லை, நீளமும் போதும். பால் ஜாயிண்ட் சரி. டார்ஷன் பாரின் முறுக்கை முழுக்கத் தளர்த்தினார். இப்போது ஆர்மைத் தாங்க எதுவும் இல்லை. தூக்கினால் சக்கரத்தின் எடைதான் தெரியணும். ஆனால் கடப்பாரை போட்டுத்தான் தூக்க முடிந்தது. அவர் சிரித்துவிட்டு, ஆர்மின் உள்பக்க புஷ் போல்ட்டைத் தளர்த்தினார். டப் என்று ஒரு சத்தம். ஆர்ம் விடுபட்டது. ஜாக்கியால் பம்ப் ரப்பர் தொடும்வரை ஏற்றி அளந்தார். பதினைந்தே கால். ஆக மொத்தம் ஏழரை இஞ்ச் டிராவல் முழுசாக இருந்தது. எந்தப் பாகமும் கெட்டுப்போகவில்லை.

"சக்கரம் தொங்க சொல்லோ டைட் வச்சிட்டான்" என்றார்.

இங்கேதான் அந்தக் கிரீஸ் பின் கதை வருகிறது. தனித்தனி ஆர்ம் வந்த வண்டிகளில் உலோக புஷ்ஷுக்குப் பதிலாக, இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் புஷ் வந்தது. இதற்கு கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. ஆனால் இது சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். போல்ட்டை எந்த நிலையில் டைட் செய்கிறோமோ அதையே தன் இருப்பிடமாக வைத்துக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், சக்கரம் ஏறும்போதெல்லாம் ரப்பர் எதிர்த்து முறுக்கும். கூடுதலாக ஒரு ஸ்பிரிங் வைத்த மாதிரி. நாளடைவில் ரப்பரும் கிழியும். அதனால்தான் சக்கரத்தைத் தரையில் வைத்து, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு கொடுக்கணும்.

முன்பு வேலை செய்தவர் கவனக்குறைவானவர் இல்லை. லாரியில் கற்ற கை. லாரியில் அச்சைத் தொங்கவிட்டு பின்னை இறுக்கினால் ஒன்றும் ஆகாது. எண்ணூர் கற்றுக்கொடுத்த சரியான பழக்கம், வேறு வண்டியில் தப்பாகிவிட்டது. மேஸ்திரியே, "நானும் ஆரம்பத்துல ரெண்டு மூணு வண்டியில இப்டி பண்ணிக்கினுதான் இருந்தேன். கஸ்டமர் திட்டித் திட்டித்தான் கத்துக்கினேன்" என்று சொன்னார்.

புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, டார்ஷன் பாரை முன்பிருந்த அளவுக்கே முறுக்கி, வண்டியை இறக்கி முன்னும் பின்னும் உருட்டியதும் அது தானாகவே அரை இஞ்ச் உட்கார்ந்தது. மீதி ஒன்றேகாலை டார்ஷன் போல்ட்டில் இறக்கினார். இப்போது கீழே மூன்று இஞ்ச், மேலே நாலரை. பிறகுதான் இறுக்கு. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும் என்பதால் அலைன்மென்ட்டுக்கு அனுப்பினார். எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம்.

மறுநாள் எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் மணலில் போனோம். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தரையைப் பிடித்தது. வண்டி பழையபடி குட்டையாகத் தெரிந்ததில் நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேஸ்திரிக்கு இப்போது பையன் யாரும் உதவிக்கு இல்லை. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் கேட்டுக் கேட்டு எழுதிய அளவுகளும் முறையும் என் நோட்டில் இருக்கின்றன. தொழிற்சாலைகளின் வருஷங்களை எங்கேயாவது தேடி எடுத்துவிடலாம். சக்கரம் தரையில் இருக்கும்போதுதான் இறுக்கணும் என்பதை இவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.