பென்சில்வேனியாக் கோரை

பென்சில்வேனியாக் கோரை (கேரெக்ஸ் பென்சில்வேனிகா) வட அமெரிக்காவின் கிழக்கு, நடுப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுத் தாவரம். நம் ஊர்ப் பாய்க்கோரையும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்வைக்குப் புல் போலிருந்தாலும் இது புல்லன்று. புல்லின் தண்டு உருண்டையானது. இதன் தண்டு முப்பட்டையானது, இலைகளும் மூன்று வரிசைகளில் அமைந்தவை.

தோற்றமும் வளரிடமும்

நூல் போல மெலிந்த இலைகள் வளைந்து சாய்ந்து, 15 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மென்மையான பச்சை விரிப்பாகின்றன. மண்ணுக்கடியில் ஓடும் கிடைத்தண்டுகளால் செடி மெல்லப் பரவும். மரங்கள் முழுதாகத் தழைக்குமுன், இளவேனிலில் பூக்கிறது. மகரந்தத்தைக் காற்று கொண்டுசெல்லும். ஓக் மரங்களின் அடியில் வறண்ட நிழலே இதன் இயல்பான இடம்.

வீட்டுத் தோட்டத்தில்

மரநிழலில் புல்தரை நிலைப்பதில்லை. விதையும் நீரும் உரமும் ஆண்டுதோறும் வீணாகின்றன. இக்கோரை போல அந்த நிழலிலேயே பிறந்து வளர்ந்த செடியை வைப்பதே முறை. எனினும், ஓயாமல் மிதிபடும் இடத்துக்கு இது ஏற்றதன்று; நடைபாதைக்குக் கல் பதிக்க வேண்டும். நீர் தேங்கும் மண்ணும் ஆகாது. அங்கே ஈரநிலத்துக்கு உரிய கேரெக்ஸ் ஸ்ட்ரிக்டாவை நடலாம். டெலவேர் மாநிலத்தின் மவுண்ட் கியூபா தோட்டம் 70 வகைக் கேரெக்ஸ் கோரைகளை வளர்த்துச் சோதித்து, 2022இல் முடிவுகளை வெளியிட்டது. அதில் முதல் வரிசையில் நின்ற கேரெக்ஸ் வுடியும் நிழல் தாங்கும் வட அமெரிக்கக் கோரையே.

நடவும் பராமரிப்பும்

விதை எளிதில் முளைக்காததால் குழித்தட்டு நாற்றுகளையோ, பிரித்தெடுத்த தூர்களையோ 20 முதல் 30 செ.மீ. இடைவெளியில் நடுகிறார்கள். முதல் பருவத்தில் நீர் பாய்ச்சுவதும் களையெடுப்பதும் கட்டாயம். இடைவெளி மூடியபின் களைகள் தலைதூக்குவது குறையும். உரம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, இளவேனில் தொடங்கும் முன் பழைய இலைகளை வெட்டினால் போதும், வெட்டாமலும் விடலாம்.

சூழல் பயன்

கேரெக்ஸ் இனங்களின் இலைகளை உண்டு வளரும் பட்டாம்பூச்சிப் புழுக்கள் பல. விதைகள் பறவைகளுக்கு இரை. மான்கள் இதை அதிகம் மேய்வதில்லை. இந்தப் பயனை நாடித் தோட்டம் அமைப்பவர் காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து வரலாகாது. அருகிலுள்ள நாற்றுப்பண்ணையில், அவ்வட்டார விதையிலிருந்து வளர்த்த நாற்றை வாங்கினால் காடும் பிழைக்கும், செடியும் நன்றாக வேரூன்றும்.