கொன்றுண்ணிகளும் வித்துப் பரவலும்: மட்டக்களப்பு வாவிக்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

விலங்குகளைப் பயனுடையன, தீங்குடையன என இரண்டாக வகுக்கும் வழக்கம் வேளாண் சமூகத்தின் தேவைகளிலிருந்து பிறந்ததாகும். நரி கோழி திருடும். மரநாய் கள்ளுமுட்டியில் வாய்வைக்கும். கரடி ஆளைக் கீறும். இக்குற்றச்சாட்டுகளே வாய்மொழி வழக்கிலும் குடியேற்ற ஆட்சியாளரின் குறிப்புகளிலும் நிலைபெற்றன. இதே விலங்குகள் காட்டின் வித்துக்களைத் தம் வயிற்றிற் சுமந்து, தாய்மரத்துக்கு அப்பால் இட்டுவந்த செய்தி நம்மவரின் வரலாற்று நோக்குக்குள் அரிதாகவே இடம்பெற்றுள்ளது.

மாமாங்கேஸ்வரர் ஆலயத்தாலும் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தாலும் பெயர்பெற்ற அமிர்தகழி, தன் பெயரிலேயே கழியைக் கொண்டுள்ளது. கழிநிலத்துத் தாவரங்களுக்கு விலங்கின் உதவி பெரிதும் வேண்டுவதில்லை. கண்டலின் வித்து மரத்திலிருக்கும்போதே முளைத்து, வீழ்ந்து, நீரில் மிதந்து கரைசேரும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவியைக் கடந்து படுவான்கரைக்கு அப்பாலுள்ள உலர்காட்டை அடைந்தால் நிலைமை வேறாகிறது. பாலை, வீரை, நாவல், இலந்தை ஆகியவற்றின் கனிகள் உண்ணப்படுதற்கென்றே அமைந்தவை. உண்பாரின்றேல் வித்து மரத்தடியிலேயே கிடந்து மடியும்.

இவ்வுண்ணிகளுள் ஊனுண்ணிகளையும் சேர்த்து எண்ணியவர்களுள் சார்ள்ஸ் டார்வின் முதன்மையானவர். 1859 இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ என்னும் நூலில் அவர் கூறும் பரிசோதனைகள் வாவிக்கரையினராகிய நமக்கு மிக அண்மையானவை. இறந்த மீன்களின் வயிற்றில் வித்துக்களைத் திணித்து, அம்மீன்களை மீனுண்ணும் கழுகுக்கும் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் இரையாக்கினார். பல மணி நேரத்தின் பின் அப்பறவைகள் வித்துக்களை உமிழ்ந்தோ எச்சத்துடனோ வெளியேற்றின. அவற்றுட் சில முளைதிறன் இழந்திருக்கவில்லை. இரைகொல் பறவைகளின் வயிற்றில் இரண்டு நாளும் பதினான்கு மணி நேரமும் கிடந்த பீற்கிழங்கு வித்துக்கள் இரண்டு முளைத்தன என்றும் அவர் குறிப்பிடுகின்றார். வித்தை உண்டது ஒன்று. உண்டதை உண்டது வேறொன்று. பயணம் செய்ததோ வித்து. கனேரித் தீவுகளில் 1990களில் நடந்த ஆய்வு இதனை இயற்கைச் சூழலிலேயே உறுதிப்படுத்திற்று: பல்லியினம் தின்ற கனியின் வித்துக்கள், அப்பல்லியைத் தின்ற கீச்சான் குருவியின் உமிழ்வுருண்டைகளில் முளைக்கும் நிலையிற் கிடைத்தன.

நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய சான்று ஒன்று ஜேர்டனின் ‘இந்தியப் பாலூட்டிகள்’ (1867) என்னும் நூலில் உண்டு. வயநாட்டிலும் இலங்கையிலும் நரிகள் கோப்பிப் பழத்தை மிகுதியாகத் தின்றன. கழிவில் வெளிவந்த கொட்டைகளைத் தோட்டக் கூலிகள் பொறுக்கினர். அவையே சிறந்த கோப்பி எனப்பட்டன. ஜேர்டன் இதனை ஒரு வியப்புச் செய்தியாகவே தருகின்றார். நாம் இதில் வேறொன்றையும் காணவேண்டும். நரி விலகிச் செல்லும், வித்து மண்ணிற் கிடக்கும், மழை முளைப்பிக்கும் என்ற பழைய ஒழுங்கு இங்கு இடையில் அறுக்கப்பட்டது. முளைக்கவேண்டிய வித்து சரக்காயிற்று. அதனை நரிக்கழிவிலிருந்து குனிந்து பொறுக்கியவர்கள் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். சுவை பாராட்டியவர்கள் வேறு. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது இவ்வழக்கமும் மறைந்தது. (இன்று மரநாய்க் கோப்பி பெருவிலைக்கு விற்கப்படுவதையும், அதற்காக விலங்குகள் கூண்டில் அடைபடுவதையும் நாம் அறிவோம்.)

ஊனுண்ணியின் உடலமைப்பே இப்பணிக்கு இசைவானது. அரைத்து மெல்லும் பல் அதற்குக் குறைவு, குடல் குறுகியது, ஆதலால் வித்துப் பெரும்பாலும் சிதையாது வெளிவரும். அது நாள்தோறும் நெடுந்தூரம் திரியும். எல்லை குறிக்கத் திறந்த பாதையில் கழிக்கும். கரடி ஊனுண்ணிக் குலத்தைச் சேர்ந்ததாயினும் கறையானும் கனியுமே அதன் பேருணவு. அது இருப்பைப் பூவை உண்பதைச் சங்கப் புலவரும் கண்டிருந்தனர். ஆனி, ஆடியில் பாலை பழுக்கும்போது யாலைக் காட்டுக் கரடிகள் மரமேறித் தின்கின்றன. இந்தியக் காடுகளில் கரடிக்கழிவை ஆய்ந்தோர் கொன்றை, இலந்தை வித்துக்களை அதில் கண்டுள்ளனர்.

ஆயின் நம்மவர் நரியிடம் தேடியது நரிக்கொம்பை. தமிழரும் சிங்களவரும் அதனைக் காப்புப்பொருளாகப் போற்றியதை எமேர்சன் டெனன்ற் 1861 இல் எழுதியுள்ளார். மண்டையோட்டில் அதனைத் தேடியோர் குடலை நோக்கியிருந்தால் இலந்தைக் கொட்டையைக் கண்டிருப்பர்.

1983 முதல் 2009 வரையான போரில் வாவியோரக் கண்டல்கள் பாதுகாப்பின் பெயரால் வெட்டப்பட்டன. படுவான்கரை மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடுகைக்கு நிறுவனங்கள் முன்வந்தன. கண்டலை மனிதன் நட்டுவிடலாம். சேறும் நீரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பாலையின் நிலை அதுவன்று. அது மிக மெதுவாக வளர்வது. வலிய மரமாதலின் வெட்டப்படுவது. எஞ்சிய மரங்களின் வித்தைக் கைவிடப்பட்ட வயலுக்கும் பற்றைக்கும் கொண்டுசேர்ப்பன பறவைகளோடு நரியும் மரநாயும் கரடியுமே. காட்டுக்கும் ஊருக்குமிடையே இவை நடமாடும் வழிகள் வேலியாலும் வீதியாலும் அடைபடுமாயின், மரத்தைக் காத்தும் காடு விரியாது. மீள்குடியேற்றத் திட்டங்கள் நாற்றுக்களை எண்ணுகின்றன. இவ்வழிகள் அவற்றின் வரைபடங்களிலும் குறிக்கப்படல் வேண்டும்.