தகடும் குழாயும் தொடுமிடம்

ஒகேனக்கலிலிருந்து நாட்றாம்பாளையம் நோக்கி ஏறும் மலைப்பாதையில் பழைய பேருந்துகள் ரேடியேட்டர் கொதித்து நின்ற காலம் ஒன்றிருந்தது. எஞ்சினின் வெப்பத்தைக் காற்றிடம் எவ்வாறு ஒப்படைப்பது? 1980இல் ஓசூரில் இதற்கு இரு விடைகள் அருகருகே இருந்தன. அவ்வாண்டு வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டில் தகடுகள் சிலிண்டரோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டவை. அங்கே இணைப்பென்ற பேச்சே இல்லை. அதே ஆண்டு அங்கு ஆலை தொடங்கிய அசோக் லேலண்டின் கனரக வண்டிகளுக்கோ தண்ணீர்க் குழாய்களும் அவற்றில் பொருத்திய மெல்லிய தகடுகளும் வேண்டியிருந்தன.

சிக்கல் பொருத்துமிடத்தில்தான். ஒட்டியதாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகள் உண்மையில் சில நுண்மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. எஞ்சிய இடமெல்லாம் காற்று. அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ 9000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் அவ்விடைவெளியை நிரப்பியது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. எஞ்சின் குளிர்ந்தது, ஈயப்புகையைச் சுவாசித்தவர் பற்றவைத்த தொழிலாளி. (நமது தொழில் வரலாறுகளில் அவருக்கு ஒரு பத்திகூட இராது.)

பின்னர் அலுமினியம் வந்தது. தகட்டின் துளையில் குழாயைச் செலுத்தி, உள்ளிருந்து விரித்து இறுக்குவது ஒரு முறை. சிலிக்கன் கலந்த அலுமினியப் பூச்சு சுமார் 600 பாகை செல்சியஸ் உலையில் உருகி, இணைப்பின் மூலைகளில் தேங்கி உறைவது மற்றொன்று. ஈயம் தேவைப்படவில்லை. ஆனால் ஆக்ஸைடு படலம் மூடிய அலுமினியத்தில் பழைய பற்றாசு ஒட்டாது. நெடுஞ்சாலையோர ரேடியேட்டர் கடைக்காரர் புகையிலிருந்து விடுபட்டபோது கைத்தொழிலையும் இழந்தார்.