குடவோலையும் பொதுப்பணி மதிப்பும்

குடவோலை முறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓலை எடுக்கும் காட்சியோடு அமைந்துவிடுகின்றனர். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் ஆற்றிய பணியை ஊரார் எவ்வாறு மதித்தனர் என்னும் வினா அத்துணை எழுப்பப்பெறவில்லை. அதனையே ஈண்டு யாம் ஆராயப் புகுகின்றோம்.

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் தொன்மையானது. அகநானூற்று 77ஆம் பாடல் அதனை உவமையாக ஆள்கின்றது. எனினும் அதன் விதிகளை விரிவாகத் தருவன முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய (கி.பி. 919, 921) உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே. இரண்டாவது கல்வெட்டின்படி, ஊரின் 30 குடும்புகளுக்கும் தனித்தனியே பெயரோலைகள் இடப்பெற்றன. ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று, அவையறியப் படித்தான். ஓலையை மறைக்கவோ மாற்றவோ இடமின்மை காட்டவே கை விரித்தல் விதிக்கப்பெற்றது போலும்.

இங்ஙனம் வந்த முப்பதின்மருள், முன்னரே தோட்டவாரியமும் ஏரிவாரியமும் செய்தாரும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாருமாகிய பன்னிருவர் சம்வத்ஸரவாரியத்திற்கு உரியராயினர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்டத்திற்கும் அறுவர் ஏரிக்கும் அமைந்தனர். இது கருதத்தக்கது. ஏரியும் தோட்டமும் காத்தவனுக்கு ஊர் அளித்த சிறப்பு பட்டமன்று, பரிசிலுமன்று. முன்னதினும் பெரிய பொறுப்பே.

அச்சிறப்புந்தானும் எளிதிற் கிட்டவில்லை. பணிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவன் பெயர் குடத்தில் இடப்பெறாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்றி, அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பெற்றனர். பணியிடையே குற்றம் புரிந்தவன் அப்பொழுதே நீக்கப்பெற்றான். கணக்கு எழுதுவோனும் தன் கணக்கைப் பெருமக்களிடம் காட்டித் தூயவன் எனப்பெற்ற பின்னரே மீண்டும் எழுதலாம். இவ்விரு கல்வெட்டுகளிலும் வாரியப் பெருமக்கள் எவருடைய பணியும் பெயர் சுட்டிப் புகழப்பெறவில்லை என்பதும் நோக்கற்பாலது.

ஆயின் பெயர் சுட்டிப் போற்றும் வழக்கமே அக்காலத்து இல்லையோ எனின், உண்டு. அது கொடையாளர்க்கு உரியதாயிற்று. செய்யாற்றை அடுத்த உக்கல் ஊரில், முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், கண்ணன் ஆரூரன் என்பான் பெருவழியில் கிணறும் தொட்டியும் அமைத்து, நீர் இறைப்போர்க்கும் பழுது பார்த்தற்கும் வழி செய்தான். அவன் பெயர் கல்லில் நின்றது. தன் பொருளை ஈந்தவனுக்குப் பெயர். ஊர்ப்பொருளை ஆண்டவனுக்குக் கணக்கு. இவ்வேறுபாடு தற்செயலாகத் தோன்றியது எனக் கொள்ளுதற்கில்லை. பொதுப்பொருளைக் காத்தல் கடமையே. அதனைக் கொடையெனப் போற்றினால் கணக்குக் கேட்கும் நா தயங்கும்.

இம்முறையை இற்றைக் குடியாட்சியோடு ஒன்றென உரைப்பது மிகையாகும். உத்தரமேரூர் பிரமதேயம். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதப்பயிற்சியும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவையும் உடையோர் பெயரே குடம் புகுந்தது. வேதமும் பாடியமும் கற்றோர்க்கு நில அளவு அரைக்காலாகக் குறைந்தது. உழுதொழிலாளர் பெயரோ மகளிர் பெயரோ அக்குடத்தில் இல்லை. ஏரிநீரால் விளைவித்தோர் ஏரிவாரியத்தைத் தேரும் உரிமை பெற்றிலர். இக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் ஆராய்ச்சி நெறியன்று.

குறை அதுவாயினும், அவ்விதிகள் உணர்த்தும் கருத்து இன்றும் பழுதுறவில்லை. பொதுப்பணியாளன் பெறத்தக்க முதற் பாராட்டு அவன் கணக்கு ஏற்கப்பெறுதலே. மாலையும் மலர்த்தூவலும் அதன் பின்னரே வருதல் தகும் என்பது எம் துணிபு.