சக்கை

தேயிலைச் சக்கையை ரோஜாத் தொட்டியில் கொட்டுவது ஏதோ பாட்டி காலத்து மரபு மாதிரித் தோன்றும். கணக்குப் போட்டால் மூன்று, நான்கு தலைமுறைதான் தேறும். காப்பி நம் நடுத்தர வர்க்க வீடுகளில் குடியேறி நூற்றுச் சொச்சம் வருடம் ஆகிறது. தேநீர் அதற்கும் பிந்தியது. ஆ.இரா. வேங்கடாசலபதி தன் புத்தகத்துக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று பெயர் வைத்தார். காப்பியே இல்லாதபோது சக்கை ஏது?

என் பால்கனியில் பதினோரு தொட்டிகள். பகலில் கோட் எழுதுகிறேன், சாயங்காலம் மண் கிளறுகிறேன். ஃபில்டரின் மேல் டப்பாவில் மிஞ்சும் காப்பிச் சக்கையைப் பற்றி யூடியூபில் அரை மணி தேடினால் போதும், அது சர்வரோக நிவாரணி என்று நம்பிவிடுவீர்கள். மண்ணை அமிலமாக்கும், பூச்சியை விரட்டும், ரோஜாவை வெடித்துப் பூக்க வைக்கும் என்பார்கள். உண்மை கொஞ்சம் சாதுவானது. அமிலத்தில் பெரும்பகுதி டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுகிறது. மிஞ்சும் சக்கை கிட்டத்தட்ட நடுநிலைதான். நைட்ரஜன் சுமார் 2 சதவீதம் இருக்கிறது. ஆனால் அது செடிக்கு உடனே கிடைக்காது. நுண்ணுயிர்கள் முதலில் தின்று தீர்க்க வேண்டும். கூடவே கொஞ்சம் கஃபீனும் இருக்கும். காப்பிச் செடி அதைத் தயாரிப்பதே பூச்சியையும் பக்கத்தில் முளைக்கும் விதையையும் அடக்கத்தான் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். 2016இல் மெல்போர்னில் செய்த ஆய்வில், பச்சைச் சக்கையை நேரடியாக மண்ணில் கலந்தபோது காய்கறிச் செடிகளின் வளர்ச்சி நன்றாகவே குறைந்தது. அதனால் அப்படியே அள்ளிப் போட்டுடாதீங்க. காய்ந்த இலையோடும் சமையலறைக் கழிவோடும் சேர்த்து மக்கவிட்டுப் போடுங்கள். தேயிலைச் சக்கைக்கு நம்மூரில் இன்னொரு சிக்கல்: நாம் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைக்கிற ஆட்கள். அலசாமல் போட்டால் மறுநாள் காலையில் எறும்பு ஊர்வலம்.

செய்முறை இவ்வளவுதான். அந்த 2 சதவீதம் எந்த மண்ணிலிருந்து கிளம்பி வந்தது என்ற கேள்விதான் என்னை விடவில்லை.

நூறு கிலோ காப்பிப் பழம் பறித்தால் சுமார் இருபது கிலோ பச்சைக் கொட்டை தேறும். வறுத்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும். தேயிலையில் நூறு கிலோ பச்சைக் கொழுந்துக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிலோ தூள். அந்தத் தூளில் சுமார் 4 சதவீதம் நைட்ரஜன். ஒரு டன் தேயிலை மலையிறங்கினால் அதோடு நாற்பது கிலோ நைட்ரஜனும் இறங்குகிறது. திரும்பி ஏறுவதில்லை. தோட்டம் என்பது கணக்கியல்படி ஒருவழிப் பாதை.

இது மிகப் பெரிய அளவில் நடந்த இடங்களில் ஒன்று இலங்கையின் மலைநாடு. 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கி, 1870களின் இறுதியில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் பரவின. காட்டை வெட்டி, எரித்து, சாம்பல் ஆறுவதற்குள் நட்டார்கள். தோட்டத்தில் ஒரு புல் தெரிந்தால் துரைக்கு அவமானம். 'சுத்தமாகக் களையெடுத்த' சரிவுகளில் பருவமழை இறங்கியபோது, பல நூற்றாண்டு இலைமக்கில் விளைந்த மேல்மண் ஆறுகளில் கரைந்தோடியது. பழத்தை உரித்த சதையும் ஓடைகளில் போனது. இன்று நாம் அரை டம்ளர் சக்கையைப் பத்திரப்படுத்துகிறோம். அங்கே மலையையே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் களையை எடுத்தவர்கள் தஞ்சாவூர், திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள். கங்காணியின் பின்னால் கடற்கரைக்கு நடந்து, தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, அங்கிருந்து மறுபடி காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஆனால் காப்பிக்குப் பறிப்புப் பருவம் உண்டு. பறிப்பு முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். இதை நினைவில் வையுங்கள்.

1869இல் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள்; இரண்டாவது சொல்லுக்கு 'நாசம் செய்வது' என்று பொருள். மண் சத்து குறைந்ததுதான் காரணம் என்று நம்பிய தோட்டக்காரர்கள் பலர் உரத்தைக் கொட்டினார்கள். 1880இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு ஆண்டு தங்கினார். கண்ணாடிச் சில்லுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறக்கும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். காற்றைத் தடுக்கக் காடு இல்லை, மலை முழுக்க ஒரே பயிர். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்குமா? டீபக் செய்கிறவன் என்ற முறையில் வார்டு மீது எனக்குத் தனிப் பிரியம். காரணத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துச் சொன்னார்; மருந்து இல்லை என்பதால் அவரைக் கொண்டாட அங்கே யாருமில்லை.

காப்பி செத்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூலேகந்தராவில் 19 ஏக்கரில் நட்டுவைத்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. வரலாற்றுப் புத்தகங்கள் இதைத் தோட்டக்காரர்களின் விடாமுயற்சிக் கதையாகச் சொல்லும். எனக்கு இதில் பெரிய செய்தி வேறு. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம் தவறாமல், வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்தவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்க வேண்டியதாயிற்று. ஒரு செடியின் இயல்பு ஒரு சனத்தின் முகவரியை மாற்றியது. பயணமாக இருந்தது குடியிருப்பாகிவிட்டது.

இனி கொஞ்சம் இந்தூருக்குப் போவோம். 1924இலிருந்து 1931 வரை அங்கே ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பயிர்க்கழிவு, சாணம், கோமியம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, காற்றோட்டம் விட்டு, புரட்டிப்போட்டு மூன்றே மாதத்தில் மக்கு உரமாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அடிப்படை அவர் கண்டுபிடித்ததல்ல. சீன விவசாயிகளிடமும் இந்திய விவசாயிகளிடமும் பார்த்தது, படித்தது. நாம் வாளியில் ஓட்டை போட்டுச் செய்கிற கம்போஸ்டுக்கு இந்தூர் முறை ஒரு பாட்டன். அதை முதலில் கையில் எடுத்தவர்களில் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் உண்டு. கென்யாவில் 1933இலேயே ஒரு காப்பித் தோட்டம் தொடங்கியது. 1937-38 குளிர்காலத்தில் ஹோவர்டு இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திரும்பக் கொடு என்பது அவருடைய விதி.

அவரை மதிக்கிறேன். இருந்தாலும் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தச் சாணத்தையும் இலைதழையையும் சரிவில் கூடை கூடையாகச் சுமந்தவர்களுக்கு என்ன திரும்பியது?

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனிதர்களை இப்படி முழு எண்ணாக்கிய ஒப்பந்தம் படிக்கவே கூசுகிறது. வந்தவர்களுக்கு அரசு ஏடுகளில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் பிறந்தது ஹட்டனிலும் நுவரெலியாவிலும். ராமேஸ்வரத்தில் கப்பலிலிருந்து இறங்கியபோதுதான் பலர் 'தாயகத்தை' முதன்முதலாகப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் இறந்தவர்களைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே புதைக்கும் வழக்கம் இருந்ததால், முன்னோர் தேயிலைக்கு உரமானார்கள் என்ற பேச்சு மலையக இலக்கியத்தில் திரும்பத் திரும்ப வரும். வெளியிலிருந்து படிக்கிறவர்கள் அதை உருவகமாக ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அது இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டிய ஒரு வரி.

திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. 1976இல் அது டேன்டீ என்ற நிறுவனமானது. அங்கும் சரிவு, கூடை, கொழுந்து. நான் வாங்குவது அந்த டேன்டீ பாக்கெட்தான். கால் கிலோவில் பத்து கிராம் நைட்ரஜன். சக்கையில் அதில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. அலசி, உலர்த்தி, வேப்ப இலையோடு வாளியில் போட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாகிவிடும். இப்போது அதில் கத்திரி காய்த்திருக்கிறது.