சங்கரன் குழி

சங்கரன் குழி, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் அருவிப்புறம் என்னும் ஊரில் உள்ள ஆற்றுக்கயம். நெய்யாற்றின் பாறைப்படுகையில் அமைந்தது. 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு (1856–1928) இதில் மூழ்கி எடுத்த கல்லே, கரையில் ஒரு பாறைமேல் சிவலிங்கமாக நிறுவப்பட்டது. கேரளச் சமூகச் சீர்திருத்த வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அந்நிகழ்வு கருதப்படுகிறது.

அமைவிடம்

அருவிப்புறம் பெருங்கடவிளை ஊராட்சியைச் சேர்ந்தது. பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் களியக்காவிளையில் எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை சென்று, அங்கிருந்து ஆற்றையொட்டி உள்ளே போகவேண்டும். கயத்தை ஒட்டிச் சிவன் கோயிலும் மடமும், அருகே குரு தவமிருந்த குகையும் கொடிதூக்கி மலையும் உள்ளன.

ஊர்ப்பெயரிலுள்ள 'அருவி', 'புறம்' இரண்டும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். ஆற்றில் ஆழமான இடத்தைக் குறிக்கும் 'கயம்', இறங்கிக் குளிக்கும் துறையைக் குறிக்கும் 'கடவு' ஆகியவையும் எல்லையின் இருபுறத்தும் வழங்குகின்றன.

ஆறு

நெய்யாறு 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைப்பகுதியில் பிறந்து, சுமார் 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் அரபிக்கடலில் கலக்கிறது. கேரளத்தின் தென்கோடி ஆறு இதுவே. மலையிலிருந்து இறங்கும் நீர் கெட்டிப்பாறைமேல் ஓடும் இடங்களில், சுழலில் சிக்கிய கல்லும் மணலும் பாறையைக் குடைந்து குழிகளை உண்டாக்குகின்றன. குழிக்குள் உருளும் கற்களும் முனை மழுங்கி உருண்டை வடிவம் பெறுகின்றன. ஆற்றுக்கல் லிங்க வடிவில் கிடைப்பதற்கு இதுவே காரணம். வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தோன்றினாலும் இத்தகைய கயங்களில் அடிச்சுழல் இருக்கும். வழுக்குப் பாறையில் காலூன்ற இடம் கிடைக்காது.

1888 நிறுவல்

செம்பழந்தியில் பிறந்த நாணு ஆசான் என்னும் நாராயண குரு, தமிழும் வடமொழியும் கற்றவர். தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மருந்துவாழ் மலையின் பிள்ளைத்தடம் குகையில் தவமிருந்தார். தமிழில் தேவாரப் பதிகங்களும் இயற்றியிருக்கிறார். அலைந்து திரிந்த காலத்துக்குப் பின் அவர் அருவிப்புறத்தில் தங்கினார்.

சிவராத்திரி நள்ளிரவில் கூடியிருந்தவர்கள் பார்க்க, அவர் குழியில் இறங்கி மூழ்கினார் என்றும், நெடுநேரம் கழித்துக் கையில் கல்லோடு மேலே வந்தார் என்றும், விடியுமுன் அதைப் பாறைமேல் வைத்தார் என்றும் மரபு சொல்கிறது. அவர் பிறந்த ஈழவர் குலத்துக்குக் கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த காலம் அது. சிவனை நிறுவ உனக்கு ஏது உரிமை என்று கேட்டவர்களிடம், நாம் நிறுவியது நம்முடைய சிவனைத்தான் என்ற பொருளில் அவர் விடைசொன்னார் என்பர். சாதிவேற்றுமையும் மதப்பகையும் இல்லாமல் யாவரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற கருத்துடைய அவரது வாசகம் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஆற்றுக்கல்லின் பொருள்

ஆகம முறைப்படி லிங்கம் அமைப்பதென்றால் கல் தேர்வு, சிற்பி, சடங்கை நடத்தும் தந்திரி, நாள், சடங்கு என்று ஒவ்வொரு படியிலும் ஒருவருடைய அனுமதி வேண்டும். ஆற்றடிக் கல்லுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. நருமதையில் கிடைக்கும் பாணலிங்கம் தானே புனிதமானது, அதற்குத் தனிப் பிரதிட்டை வேண்டாம் என்ற நம்பிக்கை சைவத்தில் முன்பே உண்டு. ஆகவே குருவின் செயலை மரபுக்கு அயலானது என்று எளிதில் தள்ளிவிட முடியாது. மரபு திறந்து வைத்திருந்த ஒரு வாசல் வழியாகவே, அது அடைத்து வைத்திருந்த இடத்துக்குள் அவர் நுழைந்தார்.

தண்ணீரும் சாதியும்

திருவிதாங்கூரில் கோயில் குளங்களும் கோயிலைச் சுற்றிய வழிகளும் அவர்ணர் என ஒதுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்தன. ஆகவே இங்கு எழுந்த எதிர்ப்புகள் பலவற்றில் தண்ணீரும் வழியும் மையமாயின. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியினரும் நீர் எடுக்க முத்திரிக் கிணற்றை அமைத்தார். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். திருவிதாங்கூருக்கு வெளியே, மகாராட்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரைப் பருகியது 1927 மார்ச் 20இல். திருவிதாங்கூரின் கோயில் நுழைவு அறிவிப்பு வெளியானது 1936 நவம்பர் 12இல். அருவிப்புறம் நிறுவலுக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

அமைப்புகள்

கோயிலைச் சுற்றி 'வாவூட்டு யோகம்' என்ற கூட்டம் உருவானது. வாவு என்பது அமாவாசை. அன்று அளிக்கும் உணவு ஊட்டு. இந்தக் கூட்டம் வளர்ந்து 1903 மே 15இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவுபெற்றது. டாக்டர் பல்பு இதற்குத் துணைநின்றார். கவிஞர் குமாரன் ஆசான் முதல் பொதுச்செயலாளர் ஆனார். குரு பின்னர் வர்க்கலையின் சிவகிரிக்கு இடம்பெயர்ந்தார். 1927இல் களவங்கோடத்தில் அவர் நிறுவியது சிலையன்று, கண்ணாடி.

இன்று

ஆண்டுதோறும் சிவராத்திரியில் அருவிப்புறத்தில் பெருந்திரளாக மக்கள் கூடுகின்றனர். கயத்துக்கு மேலே, 1958இல் திறக்கப்பட்ட நெய்யாறு அணை வெள்ளத்தின் வேகத்தை மாற்றியிருக்கிறது. அணை திறக்கப்படும் முன்பே, மாநில எல்லைகள் பிரிக்கப்பட்டபோது, 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீர் 2004இல் நின்றுபோனது. அது குறித்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒருகாலத்தில் சாதியின் பெயரால் கேட்கப்பட்ட 'தண்ணீர் யாருக்கு' என்ற கேள்வி, இந்த ஆற்றில் இன்று மாநிலங்களுக்கிடையே கேட்கப்படுகிறது.