கேஜ் மாறும் இடத்தில்தான் நேரம் போகுது: வி.எம் நெட்வொர்க்கின் கதை

போத்தனூரிலிருந்து பேசுறேன். சர்வருக்குள்ள ஓடுற வெர்ச்சுவல் மெஷின்ல, அதாவது வி.எம்-ல, நெட்வொர்க் ஏன் மெதுவாகுது? அதைக் கண்டுபிடிக்க இஞ்சினியருங்க என்ன பாடுபட்டாங்க? இன்னைக்கு அந்த வரலாறுதான். அதுக்கு முன்னாடி எங்க ஊர் ஜங்ஷனைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லிடறேன். காரணம் இருக்குங்க.

1862-ல் மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போனது. 1873-ல் இங்கிருந்து கோயமுத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளை. 1915-ல் பொள்ளாச்சிக்கு இன்னொரு பாதை, ஆனால் அது மீட்டர் கேஜ். ஒரே ஜங்ஷனில் ரெண்டு அகலம்: ஒன்று 1,676 மில்லிமீட்டர், இன்னொன்று 1,000 மில்லிமீட்டர். இந்தப் பக்கமும் வண்டி நல்லா ஓடும், அந்தப் பக்கமும் நல்லா ஓடும். ஆனால் ஒரு கேஜ் வேகன் இன்னொரு கேஜ் தண்டவாளத்தில் ஏறாது. அதனால் கேஜ் மாறுற இடத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏத்தியாகணும். நேரம் போறது ஓட்டத்தில் இல்லை, அந்தக் கைமாற்றில்தான். போத்தனூர்–பொள்ளாச்சி பாதை அகலப்பாதையாகி மறுபடி வண்டி ஓட ஆரம்பிச்சது 2017-ல். நூறு வருஷம் தாண்டிடுச்சு.

இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம். ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள பல கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி காட்டுறதுதான் வி.எம். இது புதுசு இல்லை. ஐ.பி.எம் கம்பெனியின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் சி.பி-40 என்ற சிஸ்டம் 1967-லேயே ஓடியது. 1972-ல் வி.எம்/370 வாடிக்கையாளர்களுக்கே வந்தது. நம்ம பி.சி-க்கு அது வந்து சேர 1999 ஆனது, வி.எம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலமா.

வந்தவுடனே ஒரு கேள்வி. வி.எம்-க்கு உண்மையான நெட்வொர்க் கார்டு கிடையாது. சாஃப்ட்வேர் ஒரு கார்டு மாதிரி நடிக்கும். உள்ளே இருக்கிற சிஸ்டம் அந்தப் பொய்க் கார்டைத் தொடும்போதெல்லாம் வி.எம் நின்னு, வெளியே இருக்கிற சிஸ்டம் விழிச்சு, வேலையைச் செஞ்சு, திரும்ப உள்ளே வரணும். ஒரே ஒரு பாக்கெட் அனுப்ப இப்படிப் பல தடவை தொட வேண்டியிருக்கும். அத்தனையும் கேஜ் மாற்றம்தான்.

2001-ல் ஜெரமி சுகர்மன், கணேஷ் வெங்கிடாசலம், பெங்-ஹாங் லிம் என்ற மூணு வி.எம்வேர் இஞ்சினியர்கள் இதை அளந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 100 மெகாபிட் ஈதர்நெட். கேபிளில் இடம் இருக்கு, ஆனால் வி.எம்-ஆல் அதை நிரப்ப முடியலை. ஏன்னா சி.பி.யு முழுக்க இந்த உள்ளே-வெளியே நடையிலேயே தீர்ந்துபோச்சு. அவங்க கேபிளைத் தொடவே இல்லை. நடையைக் குறைச்சாங்க. பாக்கெட்டுகளைச் சேர்த்து வெச்சு ஒரே தடவையில் அனுப்பினாங்க. அதுக்கப்புறம் நிஜ மெஷின் வேகத்துக்கே வந்துடுச்சு.

இதுக்கு அப்புறம் வந்த எல்லாமே இந்த வழிதான். 2003-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென், நடிப்பை விட்டுட்டு, உள்ளே ஒரு டிரைவர், வெளியே ஒரு டிரைவர், நடுவுல பொதுவான மெமரி என்று வெச்சது. டேட்டாவைக் காப்பி பண்ண வேண்டாம், மெமரிப் பக்கத்தையே கை மாத்திடலாம்னு நினைச்சாங்க. கேக்க நல்லா இருக்கு இல்லையா? 2006-ல் அரவிந்த் மேனனும் கூட்டாளிகளும் அளந்து பார்த்தா, பக்கத்தை மாத்துறதைவிடக் காப்பி பண்றதே மலிவுன்னு தெரிஞ்சது. அதோட இன்னும் சில மாற்றங்களும் செஞ்சதில், வி.எம் அனுப்புற வேகம் நாலு மடங்குக்கு மேல் ஏறுச்சு. 2008-ல் ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய விர்ட்-ஐ.ஓ லினக்ஸில் வந்தது. வி.எம்-க்குன்னே செஞ்ச பொதுவான கார்டு அது. இன்னைக்கும் பழைய இ-1000 கார்டை விட்டுட்டு விர்ட்-ஐ.ஓ-வுக்கு மாத்தினாலே பல மெதுவான வி.எம் சரியாயிடும்.

ஆனால் கைமாற்றைக் குறைக்கிற ஒவ்வொரு உபாயமும் ஒரு புது மூலையை உண்டாக்குச்சு. 64 கிலோபைட் வரைக்கும் ஒரே மூட்டையாக் கொடு, கார்டே 1,500 பைட்டா வெட்டிக்கும் என்பது ஒரு உபாயம். அதனாலதான் வி.எம்-க்குள்ள பாக்கெட்டைப் பிடிச்சுப் பார்த்தா ராட்சச சைஸ் தெரியும். பயப்படாதீங்க, கேபிளில் அப்படிப் போகாது. ஒவ்வொரு வி.எம்-க்கும் கார்டிலேயே தனி வரிசை கொடு என்பது இன்னொரு உபாயம். விண்டோஸ் சர்வர் 2012 ஹைப்பர்-வி-யில், பிராட்காமின் சில ஒரு-கிகாபிட் கார்டுகளோடு சேர்ந்தபோது, இதே வசதிதான் வி.எம் நெட்வொர்க்கை இழுத்துப் பிடிச்சது. டிரைவரைப் புதுப்பி, இல்லைன்னா அந்த வசதியை அணைன்னு மைக்ரோசாஃப்டே அறிவிப்பு போட்டது.

அடுத்தது வி.எக்ஸ்.லேன். விவரக் குறிப்பு வந்தது 2014-ல். பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள்ள போட்டு அனுப்புற முறை. உறைக்கு மட்டும் 50 பைட். கீழே 1,500 பைட்தான் போகும்னா, உள்ளே 1,450-தான் இருக்கணும். யாராவது இதை மறந்தா வேடிக்கையான நோய் வரும்: பிங் போகும், லாகின் ஆகும், பெரிய ஃபைல் மட்டும் நகராது.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்தில் இதேதான் நடந்தது. ராத்திரி பேக்கப் முடியவே இல்லை. சர்வர் டீம் "நெட்வொர்க்"னு சொன்னாங்க, நெட்வொர்க் டீம் "எங்க பக்கம் க்ளீன்"னு சொன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். ஆனால் வாரக் கடைசியில் எச்சரிக்கை மெயில் போனது, புதுசா சேர்ந்த நெட்வொர்க் பையனுக்கு. அப்புறம் பார்த்தா 50 பைட் கணக்கு. மெயிலைத் திரும்ப எடுத்துக்கிட்டதா எனக்கு ஞாபகம் இல்லைங்க.

இதனாலதான் இந்த வரலாறு முக்கியம்னு நினைக்கிறேன். ஒவ்வொரு டீமும் தன் தண்டவாளத்தை அளந்து "ஓகே" சொல்லிடுது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற யார்டை யாரும் அளக்கிறதில்லை. பழி மட்டும் அங்க நிக்கிற ஜூனியர் மேல விழுது.

சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். பாதையை வெட்டி வெட்டி அளங்க. ஐபெர்ஃப்-3 போதும். முதல்ல ஒரே ஹோஸ்டில் இருக்கிற ரெண்டு வி.எம்-க்கு நடுவுல. அப்புறம் ரெண்டு ஹோஸ்டுக்கு நடுவுல, வி.எம் இல்லாம. கடைசியா வேற வேற ஹோஸ்டில் இருக்கிற ரெண்டு வி.எம்-க்கு நடுவுல. எந்த அளவில் எண்ணு சரியுதோ, அங்க புதுசா சேர்ந்த கைமாற்றைப் பாருங்க. உடைக்கக் கூடாதுன்னு சொல்லி 1,472 பைட் பிங் அனுப்புங்க. அது போகாம 1,422 போச்சுன்னா, அந்த 50 பைட் உறையைச் சந்தேகப்படலாம். டாப் கமாண்டில் ஸ்டீல் எண்ணு ஏறியிருந்தா, வி.எம்-க்கு சி.பி.யு கிடைக்கலை, நெட்வொர்க் மேல குத்தம் இல்லை. 2001-ல் அந்த மூணு பேர் பார்த்ததும் சி.பி.யு தட்டுப்பாடுதான்.

மூணு எண்ணையும் நேரத்தோட எழுதி, டிக்கெட்டில் போட்டுட்டு, அப்புறம் மீட்டிங்குக்குப் போங்க. மீட்டிங்கில் குரல் ஏறினாலும் அந்த எண்ணு மாறாது. அடுத்த எபிசோடில் பார்க்கலாம், வரட்டுங்களா.